எண்ணெயைக் குறைத்து, வயிறு நிறையச் சாப்பிட்டு: கொழுப்புக் குறைந்த தாவர உணவைத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் வீட்டில் நான்கு பேர். மாதம் ஐந்து லிட்டர் கடலை எண்ணெய் செலவாகிக்கொண்டிருந்தது. ஈரோட்டுப் பக்கம் இது அதிசயமில்லை. செக்கில் ஆட்டிய எண்ணெயைத் தூக்கு நிறைய வாங்கி வந்து வைப்பதில் எங்களுக்கு ஒரு பெருமையும் உண்டு. ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த ஒரு நாளில்தான் அந்த ஐந்து லிட்டரை நான்கால் வகுத்து, முப்பதால் வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல். கிட்டத்தட்ட 340 கலோரி. ஆறேழு இட்லிக்குச் சமம். அந்த ஆறேழு இட்லியைத் தின்ற நினைவோ, வயிறு நிறைந்த உணர்வோ எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

நான் சொல்ல வருவதன் கரு இதுதான். எடை குறைக்கப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வயிறு கலோரியைப் பார்த்து நிறைவதில்லை. உள்ளே போகும் உணவின் அளவையும் எடையையும் பார்த்துத்தான் நிறைகிறது. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் 120 கலோரி. அதே 120 கலோரிக்குச் சுரைக்காய் வேண்டுமென்றால் முக்கால் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். எண்ணெய், தேங்காய், நெய், பால், இறைச்சி ஆகியவற்றை விலக்கியோ மிகவும் குறைத்தோ, காய், கீரை, பருப்பு, பயறு, சிறுதானியம், பழம், கிழங்கு ஆகியவற்றை வயிறு நிறையச் சாப்பிடுவதைத்தான் கொழுப்புக் குறைந்த தாவர உணவு என்கிறோம். நாள் முழுக்கச் சாப்பிடும் கலோரியில் கொழுப்பு 10 முதல் 15 சதவீதம்வரை மட்டும்.

இது நேற்று வந்த மோகமில்லை. 1990இல் அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷ், இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ள 48 பேரை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார். கொழுப்பு 10 சதவீதம் மட்டுமே உள்ள சைவ உணவு, நடை, மன அழுத்தம் குறைக்கும் பயிற்சி, புகையை விடுவது எல்லாம் சேர்ந்த திட்டம் அது. ஓராண்டில் அதைக் கடைப்பிடித்தவர்களில் பெரும்பாலோருக்கு அடைப்பு சற்றே குறையத் தொடங்கியது. சின்ன ஆய்வுதான். உணவு மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் அடைப்பு ஒருவழிப் பாதைதான் என்ற எண்ணத்தை அது அசைத்தது. 2006இல் இன்னோர் அமெரிக்க மருத்துவரான நீல் பர்னார்டின் குழு, இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 99 பேரை 22 வாரம் கவனித்தது. கொழுப்புக் குறைந்த முழுத் தாவர உணவு சாப்பிட்டவர்களில் 43 சதவீதம் பேர் மருந்தைக் குறைக்க முடிந்தது. வழக்கமான சர்க்கரை நோய் உணவு சாப்பிட்டவர்களில் அது 26 சதவீதம்.

எனக்கு அதிக நம்பிக்கை தந்தது நியூசிலாந்தில் கிஸ்போர்ன் என்ற ஊரில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு. 65 பேர். அளவுக் கட்டுப்பாடு இல்லை, வயிறு நிறையும்வரை சாப்பிடலாம், உடற்பயிற்சியும் கட்டாயமில்லை. தாவர உணவுக் குழுவினர் ஓராண்டு முடிவில் சராசரியாகப் பதினொன்றரைக் கிலோ குறைந்திருந்தார்கள். ‘வயிறு நிறையும்வரை’ என்ற அந்த வார்த்தைதான் என்னை இதில் இறங்க வைத்தது.

தொடங்கும் முன்: மருத்துவரிடம் ஒரு நடை

இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் உணவை மாற்றினால் சில நாட்களிலேயே சர்க்கரையோ அழுத்தமோ இறங்கலாம். மருந்தின் அளவு பழையபடியே இருந்தால் தலைசுற்றல், வியர்வை, மயக்கம்வரை போகும். “டாக்டர், நான் எண்ணெயும் பாலும் இல்லாத சாப்பாட்டுக்கு மாறப் போகிறேன், மருந்தை எப்போது பார்த்துக் குறைக்க வேண்டியிருக்கும்?” என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தக் கூடாது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கீரை, பருப்பு, பழத்திலுள்ள பொட்டாசியம் சிக்கலாகலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால் மருந்தின் வேலை குறையும். பித்தப்பைக் கல் இருந்தவர்களுக்கு எடை வேகமாக இறங்குவது நல்லதல்ல. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் குழந்தைகள் ஆகியோருக்குக் கொழுப்பை இவ்வளவு குறைக்கும் உணவு வேண்டாம்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கொழுப்புப் பரிசோதனை, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 ஆகிய ஐந்தையும் எடுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள். இடுப்பைச் சுற்றி ஒரு டேப் வையுங்கள். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 சென்டிமீட்டர் தாண்டினாலே வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்று கணக்கு. எடையும் உயரமும் சேர்ந்த பிஎம்ஐ நமக்கு 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கைதான். மேல்நாட்டுக் கணக்கான 25ஐ வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள், அளந்து மட்டும் பாருங்கள்

எண்ணெய் பாட்டிலில் இன்றைய மட்டத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டித் தேதி எழுதுங்கள். ஒரு வாரம் வழக்கம்போலச் சமையுங்கள். ஏழாம் நாள் இன்னொரு துண்டு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதை வீட்டிலுள்ள ஆட்களால் வகுத்துப் பாருங்கள். தேங்காய் எத்தனை மூடி உடைத்தீர்கள், பால் எத்தனை பாக்கெட், கடையில் எத்தனை வடை பஜ்ஜி என்பதையும் காலண்டர் ஓரத்தில் கோடு போட்டு வையுங்கள்.

இந்த ஒரு வாரத்துக்கு ஈடாக எந்த உபதேசமும் இல்லை. நம் வீடுகளில் எண்ணெயை யாரும் அளந்து ஊற்றுவதில்லை. கை சாய்ந்த அளவு ஊற்றுகிறோம். “நாங்க எண்ணெயே அதிகம் சேர்க்கிறதில்லைங்க” என்று சொல்லும் வீடுகளில்தான் அந்தக் காகிதத் துண்டு அதிகம் பேசும்.

செக்கு எண்ணெய்தானே, நல்லதுதானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டவன்தான். செக்கில் ஆட்டியதானாலும், மரச்செக்கானாலும், ஆலிவ் எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். மணத்தில் வித்தியாசம் உண்டு, கலோரியில் இல்லை. தேங்காய்த் துருவல் 100 கிராமில் 33 கிராம் அளவுக்குக் கொழுப்பு, அதிலும் பெரும்பகுதி நிறைவுற்ற வகை. வேர்க்கடலையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. கடலையும் தேங்காயும் விஷம் என்று நான் சொல்லவில்லை. எடை குறைக்கும் காலத்தில் அவை மணத்துக்கு ஒரு சிட்டிகை, அவ்வளவுதான்.

இரண்டாம் வாரம்: எண்ணெயில்லாமல் தாளிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நிறையப் பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். எண்ணெயை நிறுத்துகிறார்கள், வேறு முறை தெரியாமல் எல்லாவற்றையும் வெந்நீரில் வேகவைத்துத் தின்கிறார்கள், பத்தாவது நாள் பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ருசி போய்விட்டால் எந்த உணவுமுறையும் நிற்காது. அதனால் இந்தப் பகுதிக்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுங்கள்.

கடுகு வெடிக்க எண்ணெய் தேவையில்லை, சூடுதான் தேவை. இரும்பு வாணலியை நன்றாகக் காயவிட்டு, வெறுமையாகக் கடுகைப் போட்டு மூடுங்கள். எண்ணெயில் வெடிப்பதைவிட மெதுவாக, அரை நிமிடம் கழித்து, தட்டில் மணலை விசிறியதுபோல் சத்தம் வரும். உடனே தீயைக் குறைத்து உளுத்தம்பருப்பு, சீரகம், வரமிளகாய். பருப்பு சிவந்ததும் கறிவேப்பிலை. அது எண்ணெயில் மாதிரிப் பொரியாது, வாடிச் சுருண்டு வாசம் விடும். அந்த நொடியில் சாம்பாரையோ ரசத்தையோ அதன் தலையில் ஊற்றிவிட வேண்டும். தாமதித்தால் கருகிக் கசந்துவிடும். பெருங்காயத்தை மட்டும் தண்ணீரில் கரைத்துக் கடைசியில் விடுங்கள், வாணலியில் போட்டால் தீய்ந்துவிடும்.

வெங்காயம் வதக்குவதற்கு வேறு வழி. காய்ந்த வாணலியில் நறுக்கிய வெங்காயம், அதன்மேல் உப்பு. உப்பு பட்டதும் வெங்காயம் தன் தண்ணீரை விடும். அந்தத் தண்ணீரிலேயே அது வெந்து, பிறகு அடியில் பழுப்பாக ஒட்டத் தொடங்கும். பயப்படாதீர்கள், ருசி அந்தப் பழுப்பில்தான் இருக்கிறது. இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, கரண்டியால் அதைச் சுரண்டி வெங்காயத்தோடு சேருங்கள். மறுபடி ஒட்டும், மறுபடி தெளியுங்கள். மூன்று முறை இப்படிச் செய்தால் ஏழெட்டு நிமிடத்தில் வெங்காயம் தேன் நிறத்துக்கு வந்துவிடும். பிறகு இஞ்சி பூண்டு, தக்காளி, மசாலா. எல்லாச் சமையல் குறிப்பிலும் ‘எண்ணெய் பிரிந்து வரும்வரை’ என்று எழுதியிருப்பார்கள். உங்களுக்கு இனி அடையாளம் அது இல்லை. பச்சை வாசனை போய், மசாலா வாணலியின் ஓரத்தை விட்டுத் திரண்டு வரும், அதுதான் பக்குவம்.

தோசைக்குப் பழகிய இரும்புக் கல் வேண்டும். புதுக் கல்லில் எண்ணெயில்லாமல் முயன்று மனம் உடையாதீர்கள். வருடக்கணக்கில் எண்ணெய் குடித்த கல்லுக்கு ஒரு வெங்காயப் பாதியைத் தேய்த்தால் போதும். கல் காய்ந்ததும் தண்ணீர் தெளித்துத் துடைத்து, வெங்காயத்தைத் தேய்த்து, மாவை ஊற்றி மூடி வையுங்கள். ஓரம் தானாகத் தூக்கும்வரை கை வைக்காதீர்கள். முதல் தோசை ஒட்டும். மூன்றாவது வரும். முறுகல் கிடைக்காது, கல் தோசை போல மெத்தென்று இருக்கும். மாவு அரைக்கும்போது ஒரு ஸ்பூன் வெந்தயம் சேர்த்திருந்தால் இன்னும் நன்றாக வரும். இட்லிக்குத் துணி போட்டு ஊற்றினால் தட்டில் எண்ணெய் தடவும் வேலையே இல்லை.

குழம்பு கெட்டியாகத் தேங்காய்க்குப் பதில் பொட்டுக்கடலையை அரைத்து விடுங்கள். பொரியலுக்குத் தேங்காய்த் துருவலுக்குப் பதில் பாசிப்பருப்பை மலர வேகவைத்து உதிரியாகத் தூவுங்கள், கண்ணுக்கும் தேங்காய் போலவே இருக்கும். அப்பளத்தைத் தணலில் சுடுங்கள். ஊறுகாயில் எண்ணெய் மிதக்கிறதா என்று பாருங்கள். உப்பில் ஊறிய நெல்லிக்காயும் எலுமிச்சையும் அந்த இடத்துக்குப் போதும். உப்பு அதிகம் என்பதால் ஒரு துண்டுதான்.

வீட்டில் மற்றவர்களுக்கு இந்தச் சமையல் பிடிக்கவில்லையா? தனிச் சமையல் வேண்டாம். சாம்பார், கூட்டு, கீரை எதுவானாலும் தாளித்துக் கொட்டுவதற்கு முன் உங்கள் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்துவிடுங்கள்.

கொள்ளு

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி சொன்னவர்களிடம் ஆய்வுக்கூடம் இருந்ததில்லை. ஆனால் கணக்கு அப்படியே பொருந்துகிறது. எள்ளில் பாதி எண்ணெய். கொள்ளில் கொழுப்பு நூற்றுக்கு ஒன்றை ஒட்டித்தான், புரதம் 20 கிராமுக்கு மேல். கொங்கு நாட்டில் இது மருந்து இல்லை, வாரச் சாப்பாடு. பொடி பண்ணி மாத்திரையாக விற்பதையெல்லாம் வாங்க வேண்டாம். வீட்டில் கொள்ளுப் பருப்பு கடையுங்கள்.

ஒரு டம்ளர் கொள்ளைக் கல் நீக்கி, வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் ஊறிய தண்ணீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீர் தாராளமாக விட்டுக் குக்கரில் ஏழெட்டு விசில். வெந்த தண்ணீரைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு கை சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, மூன்று வரமிளகாய், ஒரு ஸ்பூன் கொத்தமல்லி விதை, அரை ஸ்பூன் சீரகம், ஒரு தக்காளி, கறிவேப்பிலை. இவற்றை மேலே சொன்ன முறையில் தண்ணீர் தெளித்து வதக்கி, வெந்த கொள்ளோடு உப்புப் போட்டு ஆட்டுரலிலோ மிக்ஸியிலோ கொரகொரப்பாகச் சுற்றி எடுங்கள். மைய அரைத்தால் களிம்பாகிவிடும். எடுத்து வைத்த தண்ணீரில் புளி, மிளகு, பூண்டு தட்டிப் போட்டு நுரை கட்டியதும் இறக்கினால் கொள்ளு ரசம்.

என் அம்மாயி முதல் நாள் இதை வாயில் வைத்துவிட்டு, “ஏங்கண்ணு, நல்லெண்ணெய் ஊத்தாம எப்படிக் கடைஞ்ச?” என்று கேட்டார். “ஊத்தலைங்க அம்மாயி, நல்லா இல்லீங்களா?” என்றேன். “நல்லாத்தான் இருக்குது. ஆனா பக்கத்துல ஒரு கரண்டி எண்ணெய் வெச்சிரு, எனக்கு வேணும்” என்றார். எண்பது வயதில், ஒல்லியான உடம்போடு, தோட்டத்தில் நடந்துகொண்டிருப்பவருக்கு அது வேண்டியதுதான். யாருக்கு எது என்பது வேறுபடும்.

மூன்றாம் வாரம்: தட்டை மாற்றுங்கள்

எண்ணெயை நிறுத்திவிட்டு வெள்ளைச் சோற்றை மலைபோல் போட்டுக்கொண்டால் எடை நகராது, சர்க்கரை ஏறும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2021இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்புக் குறைந்த தாவர உணவு சாப்பிட்டவர்கள், மாவுச்சத்து மிகக் குறைந்த கீட்டோ உணவு சாப்பிட்டதைவிட நாளொன்றுக்கு 690 கலோரி அளவுக்குத் தானாகவே குறைவாகச் சாப்பிட்டார்கள். ஆனால் சாப்பிட்டதும் ரத்தச் சர்க்கரை தாவர உணவில்தான் அதிகம் ஏறியது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023இல் சொன்னது. ஆகவே நமக்குத் தானியத்தின் வகையும் அளவும் முக்கியம்.

தட்டில் பாதி இடம் காய், கீரை. கால் பங்கு பருப்பு, பயறு. மிச்சக் கால் பங்குதான் சோறோ, களியோ, சப்பாத்தியோ. முதலில் பொரியலையும் கூட்டையும் சாப்பிட்டு முடியுங்கள், பிறகு சோற்றில் கை வையுங்கள். சோற்றைப் பிசைந்து அதற்குத் தொட்டுக்கொள்ளக் காய் என்பது நம் பழக்கம். அதைத் திருப்பிப் போட வேண்டும். கூட்டைக் கிண்ணம் நிறைய எடுத்து, அதில் சோற்றைக் கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள். வெள்ளரிசிக்குப் பதில் கைக்குத்தல் அரிசி, சாமை, வரகு, தினை. வாரம் இரண்டு நாள் ராகிக் களி, அதற்குக் கீரைக் கடைசல். பாலை நிறுத்துவதால் கால்சியத்துக்கு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு ராகிதான் முதல் பதில். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது.

என்னுடைய ஒரு சாதாரண நாள்: காலை இட்லி மூன்று, பெரிய கிண்ணம் நிறையக் காய் போட்ட சாம்பார், பீர்க்கங்காய்த் தோல் துவையல். பதினொரு மணிக்கு ஒரு கொய்யா. மதியம் சாமைச் சோறு ஒரு கப், கொள்ளுப் பருப்பு, முட்டைக்கோஸ் பொரியல், முருங்கைக்கீரை, ரசம். மாலை ஐந்துக்குப் பச்சைப்பயறுச் சுண்டல். இரவு ராகித் தோசை இரண்டு, தக்காளிச் சட்னி, வெள்ளரி. இதில் பசி என்று ஒரு நேரமும் வராது. வந்தால் இன்னொரு கிண்ணம் கூட்டு சாப்பிடுங்கள், சோற்றை ஏற்றாதீர்கள்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பரீட்சை. அன்றைக்கு அதே மசாலாவை வையுங்கள், உள்ளே போவதை மட்டும் மாற்றுங்கள். காளான் மிளகு வறுவல், பலாக்காய்க் குழம்பு, மீல்மேக்கர் பிரியாணி. மீல்மேக்கர் என்பது எண்ணெய் எடுத்த பிறகான சோயா மாவில் செய்தது, கொழுப்பு மிகக் குறைவு, பாதிக்குமேல் புரதம். கொதிநீரில் போட்டு, இரண்டு முறை பிழிந்து எடுத்தால் அந்தப் பச்சை வாடை போய்விடும்.

பால்

எனக்கு எண்ணெயைவிடக் கஷ்டமாக இருந்தது காப்பி. நாளைக்கு மூன்று டம்ளர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரே நாளில் நிறுத்திப் பார்த்தேன், தலைவலிதான் மிச்சம். ஒரு டம்ளரை முதலில் சுக்குக் காப்பியாக்கினேன். அடுத்த வாரம் இன்னொன்றை எலுமிச்சை பிழிந்த கடுங்காப்பியாக்கினேன். காலைக் காப்பிக்குக் கடைசிவரை மனம் வரவில்லை, அதற்கு இனிப்பில்லாத சோயா பாலை விட்டுக்கொண்டேன். நாக்கு பழக மூன்று வாரம் ஆனது. சாப்பாட்டோடு காப்பி, டீ வேண்டாம். அவை கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. அதற்குப் பதில் கீரையில் எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

மோர் இல்லாமல் சாப்பாடு முடியாது என்பவர்கள் சோயா பாலை வெதுவெதுப்பாக்கி, பச்சை மிளகாய்க் காம்பு பத்துப் பன்னிரண்டு போட்டு இரவு முழுக்க வைத்தால் தயிராக உறையும். முதல் தடவை தளர்வாக இருக்கும். அந்தத் தயிரையே உறையாக வைத்து அடுத்த நாள் போட்டால் கெட்டிப்படும்.

பி12: இதில் சமரசம் வேண்டாம்

பி12 தாவர உணவில் நம்பத்தகுந்த அளவில் இல்லை. பழைய சோற்றில் இருக்கிறது, சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பி இருந்துவிடாதீர்கள். குறைந்தால் கை கால் மரத்துப்போதல், மறதி, ரத்தசோகை வரும். நரம்பில் வந்த பாதிப்பு முழுக்கத் திரும்பாமலும் போகலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஏற்கெனவே குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். நான் மேலே சொன்ன நியூசிலாந்து ஆய்விலேயே தினம் 50 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்தார்கள். பரிசோதனை முடிவைக் காட்டி, உங்களுக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டு, தொடங்கும் நாளிலிருந்தே எடுங்கள். வைட்டமின் டியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். உப்பு அயோடின் சேர்த்ததாக இருக்கட்டும், கல்லுப்பு பக்தி இருந்தால் பொட்டலத்தைத் திருப்பிப் படித்து வாங்குங்கள். உடலுக்குத் தேவையான கொழுப்பான ஒமேகா 3க்குத் தினம் ஒரு ஸ்பூன் ஆளி விதையைப் பொடித்துச் சாம்பாரிலோ கஞ்சியிலோ தூவுங்கள். முழு விதையாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும்.

வழியில் வரும் தடங்கல்கள்

முதல் பத்து நாள் வயிறு உப்பும். திடீரென்று நார்ச்சத்து கூடுவதால் வருவது இது. பயறை ஒரே நாளில் கிண்ணம் நிறையத் தின்னாமல் கால் கப்பில் தொடங்கிக் கூட்டுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவைத்து, இஞ்சியும் பெருங்காயமும் சேருங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். மூன்று வாரத்துக்குள் அடங்கிவிடும்.

மாலை ஐந்து மணிப் பசியைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். மதியம் குறைவாகச் சாப்பிட்டு, ‘கட்டுப்பாடாக’ இருந்தவர்கள்தான் மாலையில் பஜ்ஜி எண்ணெய் வாசத்துக்குப் பலியாவார்கள். பையில் சுண்டல் டப்பா இருக்கட்டும். தாவர உணவு என்ற பெயரில் ரஸ்க், பிஸ்கட், முறுக்கு, சிப்ஸ், பழச்சாறு தின்று எடை ஏறியவர்களையும் எனக்குத் தெரியும். பால் இல்லை என்பதால் ஒரு பண்டம் நல்லதாகிவிடாது. பழத்தைக் கடித்துத் தின்னுங்கள், பிழிந்து குடிக்காதீர்கள்.

ஓட்டலில் இட்லி, இடியாப்பம், சாம்பார் நமக்குத் துணை. தேங்காய்ச் சட்னியை ஒதுக்கிக் காரச் சட்னியைத் தொட்டுக்கொள்ளலாம், அதிலும் எண்ணெய் மிதந்தால் விட்டுவிடுங்கள். பொங்கலும் ரோஸ்டும் வேண்டாம். “அண்ணா, எண்ணெய் விடாம ஒரு ஊத்தப்பம்” என்றால் பெரும்பாலான மாஸ்டர்கள் செய்து தருகிறார்கள்.

கல்யாண வீட்டில் என் அத்தை, “என்னடா, உடம்பு கிடம்பு சரியில்லையா, இலையில ஒண்ணுமே இல்லை” என்று கேட்டார். அங்கே கொழுப்பு, கலோரி என்று விளக்கத் தொடங்கினால் பந்தி முடிந்துவிடும். “டாக்டர் சொல்லியிருக்காருங்க அத்தை, ரசம் இன்னொரு கரண்டி போடச் சொல்லுங்க” என்றேன். பாசத்தோடு கேட்பவர்களுக்குப் பாசத்தோடு ஒரு பதில் போதும். கோயில் பிரசாதத்தை ஒரு வாய் வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சாப்பிடுங்கள். வருடத்தில் பத்து நாள் ஒரு வாய் நெய் உங்களைக் கவிழ்க்காது. தினம் ஊற்றும் கரண்டிதான் கவிழ்க்கும்.

எடையை எப்படிப் பார்ப்பது

வாரத்துக்கு ஒரு நாள், காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில். தினம் பார்த்தால் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்து மனம் சோரும். வாரம் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவரை இறங்கினால் நல்ல வேகம். சில வாரம் முள் அசையாது, அப்போது இடுப்பு டேப்பை எடுங்கள், அது அசைந்திருக்கும். மூன்று வாரம் இரண்டுமே அசையவில்லை என்றால் அந்தக் காகிதத் துண்டை மறுபடி பாட்டிலில் ஒட்டுங்கள். எனக்கு அப்படி நின்றபோது காரணம் நிலக்கடலை. டப்பாவில் கை விட்டு விட்டு நாளைக்கு இரண்டு கைப்பிடி போய்க்கொண்டிருந்தது. ஏழு மாதத்தில் எனக்கு 11 கிலோ குறைந்தது. உங்களுக்குக் கூடவோ குறையவோ ஆகலாம். தினம் அரை மணி நேரம் நடங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயின் கலோரியைச் செலவழிக்க ஏறக்குறைய அவ்வளவு நடக்க வேண்டியிருக்கிறது.

எச்பிஏ1சி என்பது கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. ஆகவே மூன்றாம் மாத முடிவில் அதே ஐந்து பரிசோதனையை எடுத்து, பழைய தாளையும் புதுத் தாளையும் சேர்த்து மருத்துவர் முன் வையுங்கள். மருந்தைக் குறைப்பதா, அப்படியே தொடர்வதா என்பதை அவர் அன்றைக்குச் சொல்வார். எடை நினைத்த இடத்துக்கு வந்து, அங்கேயே இரண்டு மாதம் நின்றால், வாரத்துக்கு நான்கைந்து நாள் ஒரு சின்னக் கைப்பிடி வேர்க்கடலையோ, பொரியலில் ஒரு ஸ்பூன் தேங்காயோ திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். எண்ணெய் பாட்டிலில் காகிதம் மட்டும் அப்படியே இருக்கட்டும்.